வீடு போகட்டும், மானம் போகாது!

கடனில் சிக்கிய நம் வியாபாரச் சகோதரர்கள் பலரிடமிருந்து கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு. "எது போனாலும் போகட்டும், வீட்டை மட்டும் விடமாட்டேன்!"

கேட்பதற்கு வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக அவர் எதையெல்லாம் இழக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் மனைவியின் நகை போகும். அடுத்து கடையின் சரக்கு போகும். பிறகு மச்சான் போட்ட ஜாமீன், நண்பன் கொடுத்த செக், மகளின் நிகாஹுக்கு என்று ஒதுக்கிய பணம் என்று ஒவ்வொன்றாகப் போகும். கல்லூரியில் படிக்கும் மகன் பாதியில் படிப்பை விட்டு விசா தேடிப் போவான். கடைசியில் வீடும் போகும். ஏலத்தில் போகும், பத்திரிகையில் பெயரோடு விளம்பரம் வந்து, ஊரறியப் போகும்!

முதலிலேயே விட்டிருந்தால் வீடு ஒன்றுதான் போயிருக்கும். மற்றவை அனைத்தும் மிஞ்சியிருக்கும்.

அடமானத்தில் இருக்கும் வீட்டை, கடன் முற்றுவதற்கு முன்பே, தன் கையாலேயே விற்றுக் கடனைத் தீர்ப்பது தோல்வி அல்ல. அது குடும்பத்தை மீட்கும் துணிவான முடிவு. இதை நாம் உரக்கப் பேசியாக வேண்டும்.

எப்படி விழுகிறோம்?

வட்டி ஹராம் என்று தெரியாத முஸ்லிம் இல்லை. ஆனால் நடப்பது என்ன? கடையைப் பெரிதாக்க வேண்டும் என்று வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து ஓ.டி. எடுக்கிறோம். கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் திரும்பி வருவதில்லை. 2016 நவம்பரில் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது சிறு வியாபாரிகள் அடிவாங்கினார்கள். எழுந்து நிற்பதற்குள் 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து கடைகளின் ஷட்டரை இறக்கியது. இதற்கிடையே கைக்கூலி கல்யாணங்கள், ஊர் மெச்சும் வலீமா விருந்துகள் வேறு! வங்கிக் கடன் போதாமல் தனியாரிடம் கடன். அதன் வட்டியைக் கட்ட இன்னொருவரிடம் கடன்.

வட்டியின் கேட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், இன்னும் பேசுவோம். ஆனால் குழியில் விழுந்து கிடப்பவனிடம் "ஏன் விழுந்தாய்?" என்று பயான் செய்வதற்கு முன் கயிற்றைப் போடுவதுதான் முறை. இந்தக் கட்டுரை கயிற்றைப் பற்றியது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வியாபாரிக்குக் கணக்குத்தான் புரியும். ஆகவே ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம்.

வீட்டின் சந்தை மதிப்பு 60 லட்ச ரூபாய். அதன் மேல் வங்கிக் கடன் 35 லட்சம், ஆண்டு வட்டி 12 சதவீதம். மாதம் ஒன்றுக்கு வட்டி மட்டும் 35,000 ரூபாய். கடையில் அந்த அளவுக்கு லாபம் இல்லை. இன்றைக்கே வீட்டை விற்றால் வங்கிக்கு 35 லட்சம் போக, தரகு முதலான செலவுகளுக்கு முன் 25 லட்சம் கையில் நிற்கும். அதைக் கொண்டு மற்ற கடன்களை அடைக்கலாம், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம், கடையையும் நடத்தலாம்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று 2 ஆண்டுகள் இழுத்தால்? கட்டாத வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்து 35 லட்சம் 44 லட்சத்தைத் தாண்டும். அபராதமும் வழக்குச் செலவும் தனி. இடையில் சமாளிப்பதற்காக ஐந்து வட்டிக்கு 5 லட்சம் வாங்கியிருந்தால் மாதம் 25,000 வீதம் 2 ஆண்டில் 6 லட்சம் வட்டியாகவே போயிருக்கும். அசல் 5 லட்சம் அப்படியே நிற்கும்! ஏலத்தில் எடுப்பவர் வழக்கு வம்பையும் கணக்கில் வைத்துத்தான் விலை கேட்பார். 60 லட்சம் வீடு 48 லட்சத்துக்குப் போனால், வங்கி எடுத்தது போக மிஞ்சுவது கந்துவட்டிக்காரரின் அசலுக்கே காணாது.

வீடு ஒன்றுதான். முன்னதில் 25 லட்சம் மிச்சம். பின்னதில் வீடும் போய்க் கடனும் பாக்கி!

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலர் சட்டத்தை அறியாமல் பயப்படுகிறார்கள். இன்னும் பலர் அறியாமல் அசட்டையாக இருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து.

90 நாட்களுக்கு மேல் தவணை பாக்கி நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்த்துவிடும். அதன் பிறகு 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி 60 நாள் நோட்டீஸ் வரும். இந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எந்தப் பயனும் இல்லை. வாங்கிப் படித்து, ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு 15 நாட்களுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாளும் கடந்தால் கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டைத் தன் பொறுப்பில் எடுக்கும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அதை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்திடம் மனுச் செய்யலாம். தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இத்தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன.

வியாபாரிகள் நன்றாகக் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

ஒன்று: அந்த 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்ட பிறகு, வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. அதாவது, உங்கள் இஷ்டப்படி விலை பேசும் சுதந்திரம் நோட்டீஸுக்கு முன்புதான் முழுமையாக இருக்கிறது.

இரண்டு: முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023-ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. "ஏலத்தன்று பணத்தோடு போய் நின்றால் போதும்" என்று சொல்பவர் பழைய கதை பேசுகிறார்.

மூன்று: வீட்டின் சாவியை வங்கியில் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு! ஏலப் பணம் கடனுக்கு மேல் இருந்தால் மிச்சம் உங்களுக்கு வர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பணம் குறைந்தாலோ, மீதிக்கு வங்கி உங்களையும் ஜாமீன் போட்டவரையும் தொடரலாம். மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும் அடமானம் பிடித்தவரின் உரிமையை அது தடுக்காது. ஆகவே வீட்டை வெறுமனே விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போவது தீர்வல்ல. விற்றுத் தீர்ப்பதுதான் தீர்வு.

கந்துவட்டிக்காரரின் பத்திரம்

வங்கிக்காவது சட்டமும் வரம்பும் உண்டு. தனியாரிடம் மாட்டிக்கொண்டவரின் நிலை இதைவிடக் கொடுமை. அவர்கள் அடமானப் பத்திரம் எழுதுவதில்லை. "ஒரு பாதுகாப்புக்குத்தான் பாய்" என்று சொல்லி முழுக் கிரயமாகவோ, ஜெனரல் பவராகவோ எழுதி வாங்குகிறார்கள். பணத்தைத் திருப்பித் தந்தால் வீட்டைத் திருப்பி எழுதித் தருவதாக வாயால் வாக்குறுதி. அந்த நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் எழுதப்படவில்லை என்றால், அதை அடமானம் என்று கோர்ட்டில் வாதாடுவது மிகக் கடினம். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கடனுக்காகக் கிரயம் எழுதிக் கொடுக்காதீர்கள்!

முறையாக அடமானம் எழுதியிருந்தால், தனியார் எவரும் ஆள் வைத்து வீட்டைப் பூட்ட முடியாது. அவர் கோர்ட்டில் வழக்குப் போட்டுத்தான் ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இருந்தும் என்ன? 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையைச் சொல்லி, தாயும் தகப்பனும் இரண்டு சின்னக் குழந்தைகளும் தீயில் கருகியதை இந்த நாடு பார்த்தது. எந்த மதத்தவராக இருந்தால் என்ன? அந்தப் பிஞ்சுகளின் முகம் கடன் கொடுப்பவர், வாங்குபவர் எல்லோருடைய கண்ணிலும் நிற்க வேண்டும். எந்தக் கடனும் ஓர் உயிரின் விலைக்குச் சமமாகாது. மனம் உடைந்திருப்பவர் தனித்து இருக்க வேண்டாம். நம்பிக்கையானவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மார்க்கம் காட்டும் வழி

கடனை மார்க்கம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியும். உயிரைத் தியாகம் செய்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அநியாயம் என்றார்கள். 60 லட்சத்துக்கு வீட்டை வைத்துக்கொண்டு, சரக்குக் கொடுத்த சிறு வியாபாரியை இரண்டு வருடம் நடக்க விடுபவர் "என்னிடம் ஒன்றுமில்லை" என்று சொல்ல முடியுமா? எண்ணிப் பார்க்க வேண்டும்.

அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபிகளாரின் காலத்தில் ஒருவர் பழங்களை விலைக்கு வாங்கினார். அதில் நஷ்டம் வந்து கடன் பெருகிவிட்டது. நபியவர்கள் அவருக்குத் தர்மம் செய்யுமாறு மக்களை ஏவினார்கள். மக்களும் கொடுத்தார்கள், கடன் முழுவதும் அடையவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், அவரிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் கூறினார்கள்.

இந்தச் சம்பவத்தில் மூன்று தரப்புக்கும் பாடம் இருக்கிறது. கடனாளி தன்னிடம் இருப்பதை மறைக்காமல் முன்னால் வைக்க வேண்டும். சமுதாயம் கைகொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் ஒரு கட்டத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். நஷ்டப்பட்ட அந்த வியாபாரியை யாரும் ஏசவில்லை, ஒதுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

குடியிருக்கும் வீட்டையும் விற்கலாமா என்று கேட்கலாம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, திவாலானவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டவரின் குடியிருப்பு வீடும் கடனுக்காக விற்கப்படும். அவர் வாடகைக்குக் குடியிருப்பார். ஹன்பலி மத்ஹபில் அவருக்கு அவசியமான எளிய வீட்டை விட்டுவைக்க வேண்டும். ஆனால் அந்த வீடு பெரியதாக இருந்தால் அதை விற்றுச் சிறியது வாங்கிக் கொடுக்கப்படும். கடனுக்கு மேல் வீட்டைப் பெரிதாக எண்ணும் மனப்பான்மைக்கு எந்த இமாமிடமும் இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. வட்டிக்கு அடகில் கிடக்கும் வீட்டில் ஒவ்வொரு மாதம் குடியிருக்கும்போதும் வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதிலிருந்து வெளியேறுவதுதான் தவ்பாவின் முதல் படி. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நோட்டீஸைப் பரணில் போடுவது தவக்கல் ஆகாது.

அந்த வீடு யாருடையது?

இது சங்கடமான கேள்வி. ஆனாலும் கேட்டாக வேண்டும். நம் ஊர்கள் பலவற்றில் நிகாஹின்போது பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வீட்டின் பத்திரம் மருமகனின் கடைக்காக வங்கிக்குப் போகிறது. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்கிறார் கணவர். எதற்கு என்று தெரியாமலே அந்தப் பெண் போடுகிறார்.

மனைவியின் சொத்து மனைவிக்குத்தான் சொந்தம். அவருடைய மஹரிலும் நகையிலும் வீட்டிலும் கணவருக்கு உரிமை இல்லை என்பது நம் ஷரீஅத் பெண்ணுக்குத் தந்த கண்ணியம். மேடையில் இதைப் பெருமையாகப் பேசுகிறோம், வீட்டில் கடைப்பிடிக்கிறோமா? உங்கள் வியாபாரக் கடனுக்காக மனைவியின் வீடு விற்கப்பட்டால் அந்தத் தொகை நீங்கள் அவருக்குத் தர வேண்டிய கடன். அவரே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவையும் அவரைக் கலந்துதான் எடுக்க வேண்டும். உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் மறைத்து வைக்கும் கடன்தான் குடும்பத்தை உடைக்கிறது.

எப்போது விடுவது? எப்படி விடுவது?

கடன் வந்த உடனே வீட்டை விற்றுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஓரிரு மாத நெருக்கடி என்றால் வங்கி மேனேஜரை நேரில் பார்த்துத் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். ஆனால் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடை வருமானத்தில் வட்டியாவது கட்ட முடிகிறதா? ஒரு கடனின் தவணைக்காக இன்னொரு கடன் வாங்குகிறேனா? ஆறு மாதத்தில் வரும் என்று நம்பும் பணம் பேச்சில் இருக்கிறதா, கையில் எழுத்தாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாத பதில் பாதகமாக இருந்தால், இனி காத்திருப்பது நஷ்டம்.

விற்பது என்று முடிவெடுத்தால்:

1. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்த வட்டி, யார் ஜாமீன் என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

2. வங்கியிடம் இன்றைய தேதிக்கு முழுப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை, தொழிலுக்காக வாங்காதது என்றால், முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது.

3. வாங்குபவரிடம் அடமானத்தை மறைக்காதீர்கள். மறைத்தாலும் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். அதோடு குறையை மறைத்து விற்பது மார்க்கத்திலும் கூடாது. வாங்குபவர், வங்கி, நீங்கள் மூவரும் பேசி, கிரயப் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகுமாறு செய்யுங்கள்.

4. கடன் தீர்ந்ததும் அசல் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும் என்பதும், அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்தையும் பதிவு செய்ய மறவாதீர்கள்.

5. விற்ற பணம் முழுவதும் வங்கிக்கே போனாலும் வருமான வரிக் கணக்கில் லாபம் என்று ஒன்று வரலாம். நாமே வைத்த அடமானத்தைத் தீர்த்த தொகையை அதில் கழிக்க முடியாது. முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

6. கடன்காரர்களுக்குப் பயந்து வீட்டை மனைவி, மக்கள் பெயருக்கு மாற்றி எழுதாதீர்கள். கடன் கொடுத்தவர் அதைக் கோர்ட்டில் உடைக்கலாம். அல்லாஹ்விடம் அது மோசடி.

ஜமாஅத்துக்கும் கடமை உண்டு

ஒருவர் வீட்டை விற்கத் தயங்குவதற்கு முதல் காரணம் நாம்தான். ஆம், ஊர்தான்! "அவன் வீட்டையே வித்துட்டானாம்" என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசுபவர்கள் நாம். வாடகை வீட்டுக்கு மாறியவரின் மகளுக்கு வரன் வந்தால் பின்வாங்குபவர்கள் நாம். இந்த நாவுக்குப் பயந்துதான் அவர் ஐந்து வட்டிக்குப் போகிறார். கடனை ஒளிக்காமல் வீட்டை விற்று அடைத்தவரைவிட நம்பிக்கையானவர் யார் இருக்கிறார்? அவருக்கு அல்லவா சரக்குக் கொடுக்க வேண்டும்! அவர் வீட்டில் அல்லவா பெண் எடுக்க வேண்டும்!

ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகையினர் (9:60). நம் ஊர்களில் ரமளானில் சேரும் ஸகாத்தில் கடனாளிகளுக்கு என்று எவ்வளவு ஒதுக்குகிறோம்? வீட்டை விற்றும் கடன் மிஞ்சியவருக்கு ஒரு கை கொடுத்தால் அவர் வட்டிக்காரரிடம் திரும்பிப் போகமாட்டார். ஜமாஅத்தின் வாடகைக் கட்டடங்களில் ஓரிரண்டை இத்தகைய குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் ஓராண்டுக்கு விடலாம். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். நம்மிடையே கடன் கொடுத்திருக்கும் செல்வந்தர்கள், சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் இறைவசனத்தை (2:280) ஓதினால் மட்டும் போதாது, நடைமுறைப்படுத்த வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் வாப்பா வீட்டை விற்க முடிவெடுத்தால், "எங்களுக்கு என்ன வைத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். கடன் இல்லாத பெயரை வைத்துவிட்டுப் போகிறார். அதைவிடப் பெரிய சொத்து எது? உங்களில் சட்டம் படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் சேர்ந்து ஒவ்வொரு மஹல்லாவிலும் வாரம் ஒருநாள் உட்காருங்கள். நோட்டீஸ் வந்தவருக்கு அதைப் படித்துச் சொல்லுங்கள். கூடவே வங்கிக்குப் போங்கள். வசூலுக்கு ஆள் வந்து மிரட்டினால் துணை நில்லுங்கள். கேட்டதை வெளியே பேசாதீர்கள், அது அமானிதம்.

மக்காவில் வீடும் நிலமும் விட்டு வெறுங்கையோடு மதீனா வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகள் வீடிழந்தவர்கள் என்று இளக்காரமாகப் பார்க்கவில்லை. தங்கள் வீட்டில் பாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். அந்தச் சமுதாயத்தின் பெயரைச் சொல்லும் நாம், வாடகை வீட்டுக்குக் குடிபோகும் ஒரு சகோதரரின் சாமானை இறக்கிவைக்கவாவது கை கொடுக்கக்கூடாதா?

வல்ல அல்லாஹ் நம்மைக் கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் பிடியிலிருந்தும் காத்து, ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் சமுதாயமாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.